யாரும் வாசிக்காத பத்திரிகையின் உரிமையாளன்

ஆவுடையம்மாள் மீது போட்டிருப்பது பொய் வழக்கு. அவள் கையில் இருந்த பத்திரிகையை எழுதியவன் நான். அச்சடித்தவன் நான். அவளிடம் கொடுத்தவன் நான். காவல் நிலையத்தில் அவள் முகத்துக்கு நேரே, "இது எங்கள் பத்திரிகை இல்லை" என்று சொன்னவனும் நானேதான்!

இவ்வளவு சுருக்கமாக நான் எந்தச் செய்தியையும் எழுதியதில்லை. திருநெல்வேலியில் ஒரு பெரிய நாளிதழில் உதவி ஆசிரியனாகப் பாதி ஆயுளைக் கழித்தவன். மழுப்புவதும் மெருகேற்றுவதும் என் பிழைப்பு. இதை மட்டும் மழுப்ப மனம் வரவில்லை.

நீங்கள் இப்போதே திட்டத் தொடங்கிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்... திட்டுவதற்கு இன்னும் நிறைய இருக்கிறது.

எங்கள் ஊரில் முன்பு இரண்டு பத்திரிகைகள் இருந்தன. ஒன்று நான் வேலை பார்க்கும் பெரிய பத்திரிகை. இன்னொன்று 'பொருநைத் தூது' என்ற மாலைப் பத்திரிகை. நாலு பக்கம்தான். மை கையில் ஒட்டும். ஆனால் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லையென்றால், மடையை அடைத்தவர் யார் என்று பெயர் சொல்லி எழுதிவிடும். டவுணில் அல்வாவுக்கு வரிசையில் நிற்பவர்கள் அதைப் படித்துக்கொண்டே நிற்பார்கள். அல்வா சூடு ஆறினாலும் தூது சூடு ஆறாது என்று கேலி பேசுவார்கள்.

எங்கள் முதலாளி அதை விலைக்கு வாங்கினார். ஊரெல்லாம் அவரை அண்ணாச்சி என்று அழைக்கும், நானும் அப்படித்தான். வாங்கிய கையோடு அதை நிறுத்தினார். விற்பனையை மட்டும்தான் நிறுத்தினார் என்று சொல்ல வேண்டும். ஏனென்றால் பத்திரிகையை நிறுத்தினால் அதன் பெயர் கையை விட்டுப் போய்விடும். பதிவு செய்த பத்திரிகை தொடர்ந்து வெளிவராவிட்டால் பதிவு ரத்தாகலாம். அப்புறம் அந்தப் பெயரை வேறு எவரும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சட்டம் அப்படி.

அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பேரை விட்டோம்னா நாளைக்கு எவனாவது எடுத்துக்கிட்டு நமக்கு எதுக்க வந்து நிப்பான்வே. பைய நாலு பிரதி அடிச்சு, அனுப்ப வேண்டிய ஆபீசுக்கு அனுப்பிக்கிட்டே இரும். சட்டத்துக்கு அது போதும்."

"யார் பேருல அண்ணாச்சி?"

"உம்ம பேருலதான். ரெண்டும் ஒரே கையில இருக்குன்னு ஊரு பேசப்படாதுல்லா!"

அப்படித்தான் நான் பத்திரிகை முதலாளி ஆனேன். அதிகாரி முன்னால் நின்று, பொருநைத் தூதின் உரிமையாளர், அச்சிடுபவர், வெளியிடுபவர் மூவரும் நானே என்று உறுதிமொழி கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். வாசலில் நிற்கும் என் பழைய ஸ்கூட்டரைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார். அவர் பார்க்கவில்லை. பெயரைக் கேட்டார், கொடுத்தேன். அதற்கு மேல் அவர் கேட்க வேண்டியதும் இல்லை. பத்திரிகை வைத்திருப்பவர் வேறு என்னென்ன வைத்திருக்கிறார் என்று கேட்கிற சட்டம் எதுவும் இதுவரை என் கண்ணில் பட்டதில்லை. ஒருவர் அரிசி ஆலை வைத்திருக்கலாம், கல்லூரி வைத்திருக்கலாம், அவற்றைப் பற்றி எழுத வேண்டிய பத்திரிகையையும் வைத்திருக்கலாம். அண்ணாச்சி எல்லாவற்றையும் வைத்திருந்தார். தமக்கு எதிராக எழுத வேண்டிய பத்திரிகையையும் தாமே வைத்துக்கொண்டார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற சாமர்த்தியம்!

ஆண்டுக்கொருமுறை பத்திரிகையின் உரிமை யாருடையது என்று அதிலேயே ஓர் அறிக்கை போட வேண்டும். 'மேற்கண்டவை நான் அறிந்தவரை உண்மை' என்று அதன் அடியில் என் பெயர் வரும். நான் அறிந்தவரை அது பொய். முதல்முறை கை கூசியது. அடுத்த முறை கூசவில்லை.

இனி நான் சொல்லப்போவது உங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம்...

வண்ணார்பேட்டையில் எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் பழைய அச்சகம் ஒன்று உண்டு. தூதுக்கு வேண்டிய சில பிரதிகளை அங்கேதான் அடிப்போம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லோரும் கண் சொக்கிக் கிடக்கும் நேரம். தகரக் கூரை வெயிலில் முனகும். பஸ்களின் ஹாரன் ஏதோ வேறு ஊரிலிருந்து கேட்பதுபோல் மெல்லக் கேட்கும். மை வாசனை, காகித வாசனை, பாதித் தூக்கம்... அந்த மயக்கத்தில்தான் தூது பிறக்கும்.

முதலில் பெரிய பத்திரிகையின் பழைய செய்திகளையே எடுத்து ஒட்டினேன். சலித்துவிட்டது. பிறகு ஒருநாள் விளையாட்டாக ஒன்று எழுதினேன். 'வண்ணார்பேட்டையில் நெரிசல் தீர்ந்தது.' யார் கேட்கப் போகிறார்கள்? மறுவாரம், 'சீவலப்பேரி டவுண் பஸ் நேரத்துக்கு வந்தது. பயணிகள் நம்ப மறுப்பு.' அதற்கடுத்து, 'தாமிரபரணியில் சாக்கடை கலப்பது நின்றது. ஆற்றின் அடியில் கிடக்கும் கூழாங்கற்கள் தெரிகின்றன.'

அந்தக் கூழாங்கற்களை நான் கண்டேன்! உண்மையாகவே கண்டேன். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினால் தெளிந்த தண்ணீர் காலை நனைத்துக்கொண்டு போகும். படித்துறையில் யாரோ ஒருவர் தூதை விரித்து வைத்துக்கொண்டு, "இன்னைக்கு என்ன போட்டிருக்கான் பாரும்வே" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார். எனக்கு வாசகர்கள் இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் நல்லவர்கள். என் ஊரில் நடக்க வேண்டியவையெல்லாம் அங்கே நடந்தன. நான் அங்கே சந்தோஷமாக இருந்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், என் வாழ்க்கையிலேயே அந்த மதியங்களில்தான் சந்தோஷமாக இருந்தேன்.

ஆவுடையம்மாள் வந்தது ஆடிக் காற்றில்.

சீவலப்பேரிப் பக்கத்திலிருந்து வந்திருந்தாள். வயல் வேலைக்குப் போகிறவள். கையில் சுருட்டிய பாவாடை ஒன்று. மகளுடையது. வெள்ளைப் பாவாடை; அதில் கரி தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். அரிசி ஆலையில் உமியை எரித்து மிஞ்சும் சாம்பலை வாய்க்கால் மேட்டில் கொட்டுகிறார்கள் என்றாள்.

"கொடியில காயப்போட்ட துணி சார் இது. துணியே இப்படின்னா பிள்ளை நெஞ்சு எப்படி இருக்கும்? காத்தடிச்சா மூச்சு இளைக்கு. படுக்க முடியாம உக்காந்தே இருக்கா. மில்லுல போய்க் கேட்டா அங்கன யாரும் காது குடுக்க மாட்டுக்காவ. நீங்க பேப்பர்ல போட்டியன்னா ஆபீசரு வருவாவல்லா?"

ஆலை யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அவளை என்னிடம் அனுப்பியிருந்தார்கள். கோபப்படாமல் பேசி அனுப்பி வைப்பதில் நான் கெட்டிக்காரன்.

"பார்க்கிறேன்மா" என்றேன்.

அண்ணாச்சியிடம் கேட்டேனா? இல்லை. கேட்டு, அவர் மறுத்திருந்தால் அவர் மீது பழி போட்டாவது நான் தப்பித்திருக்கலாம். அந்தச் சாக்கும் எனக்கு இல்லை!

மதியம் அச்சகத்தில் உட்கார்ந்து, அவள் சொன்னதையெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் தூதில் எழுதினேன். ஆலையின் பெயரையும் போட்டேன். எழுதி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. உண்மையை எழுதிவிட்டேனே! அச்சிலும் ஏற்றிவிட்டேனே! அதைப் படிக்க ஒரு ஆள் கூட இல்லை என்பது அப்போது ஒரு குறையாகவே தோன்றவில்லை.

அடுத்த இதழில் கனவு என்னை இழுத்துக்கொண்டு போனது. 'வாய்க்கால் மேட்டில் சாம்பல் கொட்டத் தடை! கோட்டாட்சியர் உத்தரவு.' அதிகாரிகள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். ஆலை நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. கொடியில் துணிகள் வெள்ளை வெளேரென்று ஆடின. ஒரு பெண்பிள்ளை நெஞ்சு நிறைய மூச்சு விட்டாள். எழுதும்போது என் கண் கலங்கியது... என் எழுத்துக்கு நானே அழுதேன், கேட்டுக்கொள்ளுங்கள்!

அந்த இதழின் பிரதிகள் மேசை மீது ஈரம் காயாமல் கிடந்தபோது ஆவுடையம்மாள் மறுபடியும் வந்தாள். நான் பின்னால் அச்சகத்தில் இருக்கிறேன் என்று யாரோ வழிகாட்டியிருக்கிறார்கள். இந்தமுறை மகளும் கூட வந்திருந்தாள். பெயர் கோமதி. பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பு. வாசலிலிருந்து மேசைக்கு வருவதற்குள் அவளுக்கு மேல்மூச்சு வாங்கியது.

"போட்டாச்சா சார்?" என்று தாய் கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் கோமதியின் கண் மேசையில் விழுந்தது. குனிந்து, மூச்சுக்கு மூச்சு நிறுத்தி வாசித்தாள்.

"வாய்க்கால் மேட்டில்... சாம்பல் கொட்ட... தடை... கோட்டாட்சியர்... உத்தரவு..."

ஆவுடையம்மாள் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "எப்ப சார் ஆர்டர் போட்டாவ? எங்களுக்குத் தெரியவே இல்லியே!"

அப்போது சொல்லியிருக்கலாம். 'அம்மா, இது சும்மா எழுதியது. நம்பாதீர்கள்.' இவ்வளவுதானே? ஆனால் அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாள். இளைப்புக்கு நடுவே சிரித்துக்கொண்டிருந்தாள். என் கனவிலிருந்து முதன்முதலாக ஒரு வாசகி எழுந்து வந்து என் முன்னால் நிற்கிறாள். அவளிடம் போய் இது பொய் என்று எப்படிச் சொல்வேன்?

"எல்லாரும் படிச்சிருப்பாவளா சார்?" என்று ஆவுடையம்மாள் கேட்டாள்.

"படிச்சிருப்பாங்கம்மா."

"இதைக் கொண்டுட்டுப் போகட்டுமா?"

"கொண்டு போங்க."

சில நாள் கழித்துக் காலையில், சாம்பல் ஏற்றி வந்த லாரியை ஊர்க்காரர்கள் மறித்தார்கள். அதற்கு முன்பு அப்படி மறிக்க அவர்களுக்குத் துணிவு இருந்ததில்லை. இப்போது உத்தரவு இருக்கிறதே! ஆவுடையம்மாள் முன்னால் நின்று தூதை விரித்துக் காட்டினாளாம். "ஆர்டர் போட்டாச்சு, இனி இங்கன கொட்டப்படாது" என்றாளாம். டிரைவர் வண்டியை எடுக்கப் பார்த்தார். எங்கிருந்தோ ஒரு கல் வந்தது. கண்ணாடி உடைந்து டிரைவரின் நெற்றி கிழிந்தது. போலீஸ் வந்தது.

அந்தச் செய்தியைத் தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொண்டவன் நான். 'ஏதோ ஒரு பத்திரிகையைக் காட்டி' என்று நிருபர் சொன்னதும் என் பேனா நின்றது.

அண்ணாச்சி சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"என்னவே, கூறு கெட்டுப் போச்சா? என் மில்லுக்கு நான் வச்சிருக்க பேப்பர்லயே தடையா?"

"தப்புதான் அண்ணாச்சி..."

"அந்த இதழ் நாம அடிச்சதில்லைன்னு சொல்லிரும். மாசக் கடைசிலதான அனுப்புவீரு? அதே தேதி போட்டு வேற அடிச்சு வையும்."

"அந்தப் பொம்பள பாவம் அண்ணாச்சி. எதுவும் தெரியாது."

"உரிமையாளர் யாருவே? நீருதான! இல்லாத உத்தரவை இருக்குன்னு போட்டவன்னு உம்மளத்தான் உள்ள தூக்கி வைப்பான். என் பேரு எங்கயாவது இருக்கா? நல்லா யோசிச்சுக்கிடும்."

யோசித்தேன். அதிக நேரம் யோசிக்கவில்லை.

சட்டம் அத்தனை ஆண்டுகளாக என்னை உரிமையாளன் என்று எழுதி வைத்திருந்தது. அந்தப் பெயருக்கு ஒரே ஒரு நாள்தான் வேலை வந்தது. 'ஆமாம், என் பத்திரிகைதான், நான் எழுதியதுதான்' என்று சொல்ல வேண்டிய வேலை. அன்றைக்குத்தான் நான் உரிமையாளன் இல்லை என்று எனக்கு ஞாபகம் வந்தது!

அன்று மதியமே அதே பெயரில், அதே தேதியில், தூதை இன்னொருமுறை அடித்தேன். தடை உத்தரவு இருந்த இடத்தை நிரப்ப வேண்டுமே... சொதி வைப்பது எப்படி என்று ஒரு சமையல் குறிப்பு போட்டேன். தேங்காய்ப்பால் திரிந்துவிடாமல் இறக்க வேண்டும் என்றெல்லாம் அக்கறையாக எழுதினேன்.

காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் இரண்டையும் மேசை மேல் அருகருகே வைத்தார்.

"ரெண்டுலயும் ஒரே பேரு, ஒரே தேதி. இதுல எது சார் உங்களுது?"

சொதியைக் காட்டினேன்.

"அப்ப இது?"

"இது எங்கள் பத்திரிகை இல்லை."

பெஞ்சின் ஓரத்தில் ஆவுடையம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். தூற்றியிருக்கக் கூடாதா? அவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"சாருக்கு மறந்திருக்கும்யா. தெனமும் எத்தனை பேரு வாராவ, எத்தனை பேப்பரு குடுக்காவ... சாரு பொய் சொல்ல மாட்டாவ."

எனக்காக அவள் வாதாடினாள். யாரிடம் கொடுத்துப் போலிப் பத்திரிகை அடித்தாய் என்று கேட்டு, அவளைக் கைது செய்தார்கள்.

மறுநாள் பெரிய பத்திரிகையில் செய்தி வந்தது. 'போலிப் பத்திரிகை காட்டி மக்களைத் தூண்டிய பெண் கைது.' தலைப்பு நான் போட்டதுதான். அதை எல்லோரும் படித்தார்கள். டீக்கடையில் படித்தார்கள், பஸ்ஸில் படித்தார்கள், அவள் ஊரிலும் படித்தார்கள். அது பொய் என்று எழுதுவதற்கு ஊரில் இன்னொரு பத்திரிகை இல்லை. இருந்த ஒன்றுக்கும் நான்தான் உரிமையாளன்.

இப்போது அவள் ஜாமீனில் இருக்கிறாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வயல் வேலையை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு வருகிறாள். "நெசமாவே நீதான் அடிச்சியா?" என்று சொந்த ஊர்க்காரர்களே கேட்கிறார்களாம். சாம்பல் அதே மேட்டில் கொட்டுகிறது. இனி லாரியை யார் மறிப்பார்கள்? எந்த உத்தரவைக் காட்டினாலும் யார் நம்புவார்கள்? கோமதி பரீட்சை எழுதப் போகவில்லை. இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டு, அம்மா கோர்ட்டிலிருந்து வரும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருப்பாளாம்.

ஒரு மதியம், 'ஆவுடையம்மாள் விடுதலை' என்று தூதில் எழுதிப் பார்த்தேன். கண்ணை மூடினேன். எதுவும் வரவில்லை. தகரக் கூரை முனகுவது மட்டும் கேட்டது.

போன மாதம் வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். நான் திரும்பி நடப்பதற்குள் பக்கத்தில் வந்துவிட்டாள்.

"சார், நல்லா இருக்கியளா? வக்கீலு ஒண்ணு சொல்லுதாரு. நீங்க ஒருநாள் வந்து, அது எங்க பேப்பருதான்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சு போகுமாம். இப்ப ஞாபகம் வந்திருக்கும்லா சார்?"

அவளுக்கு உண்மையிலேயே தெரியாதா? அல்லது தெரிந்துகொண்டே, எனக்குத் திரும்பி வர ஒரு வழியைத் திறந்து வைக்கிறாளா? இன்றுவரை எனக்குப் புரியவில்லை. எதுவாக இருந்தாலும் தாங்க முடியவில்லை.

"வந்திருக்கும்மா" என்றேன்.

"அப்ப வாய்தாவுக்கு வருவியளா?"

"வருவேன்."

தேதியைச் சொல்லிவிட்டு, முகமெல்லாம் மலர்ந்து பஸ் ஏறினாள்.

இதையெல்லாம் நான் எதில் எழுதுகிறேன் என்று உங்களுக்குச் சொல்லவில்லை. பொருநைத் தூதில்தான். முதல் பக்கம் முழுவதும் இதுதான் வரும். பெயர், ஆலை, அண்ணாச்சி, நான்... எதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன். நாலு பிரதி அடிப்பேன். 'நீங்கள்', 'நீங்கள்' என்று இவ்வளவு நேரம் நான் கூப்பிட்டுக்கொண்டிருக்கும் உங்களில் ஒருவர்கூட இதைப் படிக்கப் போவதில்லை. அது தெரிந்ததால்தான் இவ்வளவு தைரியமாக எழுத முடிந்திருக்கிறது.

வாய்தா இன்றைக்குத்தான். காலையில் சட்டை மாற்றிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். கோர்ட்டுக்குப் போகும் வழியில்தான் புறப்பட்டேன். எப்படி இங்கே அச்சகத்தில் வந்து உட்கார்ந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

மதியம் தாண்டிவிட்டது. இந்நேரம் அவள் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள். சாரு வந்துக்கிட்டு இருக்காவ, இன்னும் கொஞ்ச நேரம் பொறுங்க என்று அவள் வக்கீலிடம் சொல்லிக்கொண்டிருப்பாள்.